வைப்புப் பணம் வேறு, பந்தயப் பணம் வேறு: வங்கிக்குள் ஒரு சுவர் ஏன் வேண்டும்?

வங்கி என்று பேச்செடுத்தால் நமது சமூகத்தில் முதலில் எழுவது வட்டி பற்றிய கேள்விதான். அது எழ வேண்டிய கேள்வி. ஆனால் பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. நாம் வைப்பிலிட்ட பணத்தை வங்கி எங்கே போடுகிறது, அதில் நட்டம் வந்தால் அது யாருடைய தலையில் விழும் என்ற இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதில்லை. வட்டியை எடுக்காமல் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவருக்கும், இஸ்லாமிய வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கும், பள்ளிவாசலின் ஜனாஸா நிதியை வங்கியில் போட்டிருக்கும் நிர்வாகிகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

உலகில் இது கிட்டத்தட்ட நூறு வருட விவாதம். அன்றாட வர்த்தக வங்கித் தொழிலையும், விலை ஏறும் இறங்கும் என்று ஊகித்துச் செய்யும் வியாபாரத்தையும் சட்டம் போட்டுப் பிரித்து வைக்க வேண்டுமா என்பதே அந்த விவாதம். நான் பொருளியல் நிபுணன் அல்ல. மன்னாரில் மாணவர்களுக்கு வணிகக் கல்வி கற்பிக்கும் ஓர் ஆசிரியன். எனினும், நமது நாட்டிலேயே நடந்த சம்பவங்களைத் தெரிந்துகொண்டால் சாதாரண வைப்பாளர் எவரும் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ளலாம் என்பது என் நம்பிக்கை. அவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

இரண்டு தொழில்கள்

நான் வசிக்கும் பள்ளிமுனையையே எடுத்துக்கொள்வோம். நண்டு விற்ற காசில் மிச்சம் பிடித்ததை ஒருவர் மன்னார் நகரிலுள்ள வங்கியில் போடுகிறார். இன்னொருவர் படகு எஞ்சின் வாங்க அதே வங்கியில் கடன் எடுக்கிறார். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஒரு தாய் நகையை அடகு வைக்கிறார். எங்களைப் போன்ற ஆசிரியர்களின் சம்பளமும் அங்கேதான் வருகிறது. சிறுசிறு பணத்தைச் சேர்த்து, தேவைப்பட்டவருக்குக் கடனாகக் கொடுத்து, கொடுக்கல் வாங்கலை ஓடச் செய்வதுதான் வர்த்தக வங்கியின் தொழில். இதிலும் ஆபத்து உண்டு. புயலில் படகு போனால் கடன் திரும்பாது. ஆனால் கடன் வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார், பிணை என்ன என்று வங்கி பார்த்துத்தான் கொடுக்கிறது. ஒருவரின் நட்டம் ஆயிரம் பேரின் கொடுப்பனவில் கரைந்துவிடும்.

இரண்டாவது தொழில் வேறு. வங்கி தன் சொந்தக் கணக்கில் பங்குகளையோ, டொலரையோ, கடன் பத்திரங்களையோ, எண்ணெய் விலையை வைத்து எழுதிய ஒப்பந்தங்களையோ வாங்குகிறது. விலை தான் நினைத்த பக்கம் நகர்ந்தால் இலாபம், மற்றப் பக்கம் நகர்ந்தால் நட்டம். இதில் படகும் இல்லை, எஞ்சினும் இல்லை, கடனாளியும் இல்லை. வெளிநாட்டிலிருந்து பொருள் இறக்கும் வியாபாரிக்கு மூன்று மாதம் கழித்துத் தேவைப்படும் டொலரை இன்றே விலை பேசிக் கொடுப்பது வாடிக்கையாளருக்கான சேவை. வாடிக்கையாளர் எவருமில்லாமல் வங்கி தானாகவே டொலர் ஏறும் என்று வாங்கிக் குவிப்பது ஊகம். இரண்டுக்கும் இடையிலான கோடு சில இடங்களில் மெல்லியதுதான். ஆனால் யாருடைய தேவைக்காக அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று கேட்டால் அநேகமாகப் பதில் கிடைத்துவிடும்.

இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, இலாபமும் நட்டமும் ஒரே ஆளிடம் போவதில்லை. ஊகம் வென்றால் பங்குதாரருக்குப் பங்கிலாபம், அதிகாரிகளுக்கு வெகுமதி. தோற்றால் வைப்பாளரின் பணமும், வங்கியைக் காப்பாற்ற அரசு கொட்டும் வரிப்பணமும் போகின்றன.

இரண்டாவது, ஊக நட்டம் மிக வேகமானது. இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி 1762 இல் தொடங்கப்பட்டது. சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற ஒரே ஓர் ஊழியர் மறைத்துச் செய்த ஊக வியாபாரத்தில் 80 கோடி பவுணுக்கு மேல் நட்டம் ஏற்பட்டு, 1995 பெப்ரவரியில் அந்த வங்கி வீழ்ந்தது. கடைசியில் ஒரு டச்சு நிறுவனம் அதை வெறும் ஒரு பவுணுக்கு வாங்கியது.

மூன்றாவது, வங்கி என்பது சம்பளமும் காசோலையும் தன்னியக்க இயந்திரமும் ஓடும் குழாய். ஊக மேசையில் வந்த நட்டம் அந்தக் குழாயை அடைத்தால், ஊகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவரின் வீட்டிலும் அடுப்பு எரியாது.

1933 இல் எழுப்பிய சுவர்

1929 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த நான்கு வருடங்களில் அங்கே சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. வைப்பாளரின் பணத்தை வைத்திருந்த வங்கிகளே பங்கு வியாபாரத்திலும் இறங்கியிருந்தது அதற்கு ஒரு காரணம் எனப் பலரும் கருதினார்கள். 1933 ஜூன் 16 ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வங்கிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்த செனட்டர் கார்ட்டர் கிளாஸ், பிரதிநிதி ஹென்றி ஸ்டீகல் ஆகியோரின் பெயரால் அது கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் என்று அழைக்கப்படுகிறது. வைப்பு ஏற்கும் வங்கி ஒரு பக்கம், பங்குகளை வெளியிட்டு வியாபாரம் செய்யும் முதலீட்டு வங்கி மறு பக்கம் எனச் சட்டம் பிரித்தது. வைப்புக் காப்புறுதியும் அதே சட்டத்தில்தான் வந்தது. புகழ்பெற்ற மோர்கன் வங்கியிலிருந்து மோர்கன் ஸ்டான்லி பிரிந்தது இதன் விளைவே.

காலப்போக்கில் வங்கிகளின் அழுத்தத்தால் அந்தச் சுவர் கல் கல்லாகக் கழற்றப்பட்டது. 1999 நவம்பரில் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் மிச்சமிருந்ததையும் நீக்கியது. 2008 செப்டெம்பரில் லீமன் பிரதர்ஸ் வீழ்ந்து உலக நெருக்கடி வெடித்தது. அதன் பிறகு 2010 இல் வந்த சட்டத்தில், முன்னாள் மத்திய வங்கித் தலைவர் போல் வோல்க்கரின் பெயரால் ஒரு விதி சேர்க்கப்பட்டது. வைப்புக் காப்புறுதியை அனுபவிக்கும் வங்கி தன் சொந்தக் கணக்கில் ஊக வியாபாரம் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம்.

பிரித்தானியா வேறு வழியில் சென்றது. பெரிய வங்கிகள், சாதாரண மக்களின் வைப்பையும் சிறு கடன்களையும் தனிக் கம்பனியாக, தனி மூலதனத்தோடு, தனிப் பணிப்பாளர் சபையோடு வைத்திருக்க வேண்டும் என்று 2013 இல் சட்டம் இயற்றியது. அது 2019 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒரே உரிமையாளர் இரண்டையும் நடத்தலாம், ஆனால் ஒன்றின் பெட்டியில் மற்றது கைவைக்க முடியாது.

இந்தச் சுவர் எல்லா நெருக்கடியையும் தடுக்கும் மந்திரம் அல்ல என்று சொல்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. லீமன் பிரதர்ஸ் சாதாரண மக்களின் வைப்பு வங்கி அல்ல. 2007 இல் இங்கிலாந்தில் மக்கள் வரிசையில் நின்று பணத்தைத் திருப்பி எடுத்த நோதர்ன் ரொக் வங்கியோ வீட்டுக் கடன் கொடுத்த வங்கிதான். ஆகவே சுவரின் பயனை அளவாகவே சொல்ல வேண்டும். நட்டம் வராமல் அது தடுக்காது. வந்த நட்டத்தை, அதைத் தேடிப் போனவரிடமே நிறுத்தி வைக்கும்.

இலங்கையில் ஏற்கெனவே ஒரு சுவர் இருக்கிறது

இதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நமது நாட்டில் 1971 இலேயே இத்தகைய ஒரு சுவர் சட்டத்தில் எழுதப்பட்டது. 1971 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க தேசிய சேமிப்பு வங்கிச் சட்டமே அது. 1832 இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1885 இல் தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கியும் இணைந்து இந்த வங்கி உருவானது. கிராமத்துத் தபாலகத்தில் முத்திரை வாங்குபவரும் அங்கேயே கணக்கு வைத்திருக்கலாம்.

இந்த வங்கி தான் திரட்டும் வைப்புகளில் குறைந்தது 60 வீதத்தை அரச பிணையங்களில் முதலிட்டே ஆக வேண்டும் என்கிறது சட்டம். வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதமும் உண்டு. ஏழைகளின் சேமிப்பைச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் விடக் கூடாது என்பது அன்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீதி 40 வீதத்தில் வங்கிக்குக் கூடுதல் சுதந்திரம் இருந்தது. அங்கேதான் 2012 இல் ஒரு சிக்கல் வந்தது.

2012: சேமிப்பு வங்கி வாங்கிய பங்குகள்

2012 ஏப்ரல் கடைசியில் தேசிய சேமிப்பு வங்கி, த ஃபினான்ஸ் கம்பனி என்ற நிதிக் கம்பனியின் பங்குகளை வாங்கியது. ஏறத்தாழ 13 வீதப் பங்குகளுக்குக் கொடுத்த தொகை சுமார் 390 மில்லியன் ரூபா. அந்த நாட்களில் கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 30 ரூபா அளவில் கைமாறிக்கொண்டிருந்தது. சேமிப்பு வங்கி கொடுத்ததோ ஏறத்தாழ 50 ரூபா. அந்தக் கம்பனி 2008 முதலே நிதி நெருக்கடியில் தத்தளித்துக்கொண்டிருந்தது என்பது நாடறிந்த விடயம்.

செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கேள்வி எழுப்பப்பட்டது. மே மாதத்தில் அரசாங்கம் தலையிட்டு அந்தக் கொள்வனவை இரத்துச் செய்ய வைத்தது. வங்கியின் தலைவர் பதவி விலகினார்.

வங்கியின் மொத்த வைப்போடு ஒப்பிட்டால் 390 மில்லியன் சிறு தொகைதான். ஆனாலும் மக்கள் ஏன் கொதித்தார்கள்? தபாலகத்தில் நூறு ரூபாவாகச் சேர்த்த பணம், சந்தை விலையை விட இவ்வளவு கூடக் கொடுத்து, தள்ளாடும் கம்பனியின் பங்குக்குப் போனதுதான் காரணம். வைப்பு வேறு, பந்தயம் வேறு என்ற உணர்வு சட்டப் புத்தகம் படிக்காத மக்களிடமும் இருந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2020 மே மாதத்தில் இலங்கை மத்திய வங்கி த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை இரத்துச் செய்தது. கொள்வனவு திருப்பப்பட்டிராவிட்டால் அந்த நட்டம் சேமிப்பு வங்கியின் கணக்கிலேயே கிடந்திருக்கும். அதைத் தடுத்தது பொதுமக்களின் கூச்சலும் அரசியல் தலையீடும்தான். சட்டம் தானாகத் தடுக்கவில்லை. அடுத்த முறை செய்தி வெளியே வராமல் போனால் யார் தடுப்பார்?

2008: எண்ணெய் விலைப் பந்தயம்

இரண்டாவது சம்பவம் இதைவிடப் பெரியது. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், எண்ணெய் விலை ஏறினால் பாதுகாப்புப் பெறுவதற்காக ஐந்து வங்கிகளோடு ஒப்பந்தங்கள் செய்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிட்டி வங்கி, டொய்ச் வங்கி ஆகிய மூன்றும் வெளிநாட்டு வங்கிகள். கொமர்ஷல் வங்கியும் மக்கள் வங்கியும் உள்நாட்டு வங்கிகள்.

ஓர் ஒப்பந்தத்தை மட்டும் பார்ப்போம். 2008 ஜூலை 8 ஆம் திகதி டொய்ச் வங்கியோடு செய்யப்பட்டது அது. மாதம் 100,000 பீப்பாய், 12 மாத காலம், அடிப்படை விலை பீப்பாய்க்கு 112.50 டொலர். விலை அதற்கு மேலே போனால் வித்தியாசத்தை வங்கி கொடுக்கும். ஆனால் மொத்தம் 2.5 மில்லியன் டொலர் கொடுத்தவுடன் ஒப்பந்தம் முடிந்துவிடும். விலை கீழே போனால் வித்தியாசத்தைக் கூட்டுத்தாபனம் கொடுக்க வேண்டும். அதற்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை.

என் மாணவர்களுக்குக் கொடுப்பதைப் போல ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை 50 டொலருக்கு இறங்கினால் ஒரு பீப்பாய்க்கு 62.50 டொலர் நட்டம். 100,000 பீப்பாய்க்கு 6.25 மில்லியன் டொலர். அதாவது, வங்கி முழு ஒப்பந்தத்திலும் கொடுக்கக்கூடிய தொகையைப் போல இரண்டரை மடங்கை ஒரே மாதத்தில் கூட்டுத்தாபனம் கட்ட வேண்டும்.

ஒப்பந்தம் எழுதி மூன்றாம் நாள், ஜூலை 11 ஆம் திகதி, உலகச் சந்தையில் எண்ணெய் 147 டொலரைத் தொட்டது. பிறகு விழத் தொடங்கியது. டிசம்பரில் 40 டொலருக்கும் கீழே வந்தது. நவம்பர் கடைசியில் உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை நிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பரில் மத்திய வங்கியும் பணம் கட்ட வேண்டாம் என்று பணித்தது. வழக்குகள் வெளிநாடுகளுக்குப் போயின. சிட்டி வங்கியின் கோரிக்கை இலண்டன் நடுவர் மன்றத்தில் தோற்றது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு 2011 இல் இலண்டன் நீதிமன்றம் 160 மில்லியன் டொலருக்கு மேல் தீர்ப்பளித்தது. 2013 இல் அது 60 மில்லியன் டொலருக்குச் சமரசமாக முடிந்தது. டொய்ச் வங்கிக்கு 2012 ஒக்டோபரில் சர்வதேச நடுவர் மன்றம் 60 மில்லியன் டொலருக்கு மேல் வழங்கியது.

இங்கே நட்டமடைந்தது வாடிக்கையாளர், அதாவது பொதுமக்களின் கூட்டுத்தாபனம். வங்கிகள் அல்லவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மக்கள் வங்கியைப் பாருங்கள். அடகுக் கடனும் சம்பளக் கணக்கும் வைத்திருக்கும் அரச வங்கி ஒன்று, எண்ணெய் விலை எங்கே போகும் என்பதை வைத்து எழுதிய சிக்கலான ஒப்பந்தங்களின் விற்பனையாளராகவும் இருந்தது. வைப்பாளரின் கண்ணுக்குப் படாத ஒரு மேசை அந்த வங்கிக்குள் இருந்தது. அந்த மேசையைப் பற்றி நாட்டு மக்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டது நட்டம் வந்த பிறகுதான்.

பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த வரிசை

அதே 2008 டிசம்பரில் இன்னொரு சம்பவமும் நடந்தது. செலின்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி, உரிமம் இல்லாமலே அதிக வட்டி தருவதாகச் சொல்லி மக்களிடம் வைப்புகளை வாங்கியிருந்தது. அது திரும்பக் கொடுக்க முடியாமல் விழுந்தது. உடனே அதே குழுமத்தோடு தொடர்புடைய செலான் வங்கியின் வாசலில் வைப்பாளர்கள் வரிசையில் நின்றார்கள். டிசம்பர் இறுதியில் மத்திய வங்கி செலான் வங்கியின் பணிப்பாளர் சபையை நீக்கி, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் வங்கி தப்பியது. அதே குழுமத்தின் த ஃபினான்ஸ் கம்பனி மீளவே இல்லை. 2012 இல் சேமிப்பு வங்கி பங்கு வாங்கியது இந்தக் கம்பனியில்தான்.

சுவர் என்பது வங்கிக்கும் அதன் ஊக மேசைக்கும் இடையில் மட்டும் இருந்தால் போதாது, வங்கிக்கும் அதன் உரிமையாளரின் மற்ற வியாபாரங்களுக்கும் இடையிலும் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். 2002 இல் பிரமுக வங்கியும், 2018 இல் ஈ.டி.ஐ. நிதிக் கம்பனியும் முடங்கியதற்கு எண்ணெயோ டொலரோ காரணமல்ல. தவறான கடன்களும் நிர்வாகமுமே காரணம். அத்தகைய நோய்க்கு மேற்பார்வைதான் மருந்து.

அரச பிணையமும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி போன்றவை சுமையை ஏற்றன. வங்கி வைப்புகளில் கைவைக்கவில்லை. அந்த நெருக்கடியிலும் வைப்பாளரைத் தொடக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது, வைப்பு என்பது மற்றப் பணத்திலிருந்து வேறானது என்பதற்கு இன்னொரு சான்று.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

சூதாட்டத்தை சூரா அல்மாயிதாவின் 90 ஆவது வசனம் விலக்குகிறது. நபி (ஸல்) அவர்கள் நிச்சயமற்ற வியாபாரத்தை, அதாவது ‘கரர்’ உள்ளதைத் தடுத்தார்கள். தன்னிடம் இல்லாததை விற்பதையும் தடுத்தார்கள். இதற்கு ஃபிக்ஹ் நூல்கள் தரும் உதாரணங்கள் மன்னார்க் கடற்கரைக்காகவே எழுதியவை போல இருக்கும். தண்ணீரில் நீந்தும் மீனை விற்பது ஒன்று. முக்குளிப்பவர் அடுத்த முழுக்கில் எதைக் கொண்டு வருகிறாரோ அதற்கு இப்போதே விலை பேசுவது இன்னொன்று.

நமது கடலில் இது வெறும் உதாரணம் அல்ல. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் பிரித்தானியர் நடத்திய முத்துக்குளிப்பில் கீழக்கரை முஸ்லிம்களும் முக்குளித்தார்கள். மேலே வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. 1906 இல் ஓர் ஆங்கிலக் கம்பனி முத்துப் படுகைகளை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907 க்குப் பிறகு சிப்பி கிடைக்காமல் சில வருடங்களில் அது கலைந்தது. அந்த ஏலத்தின் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விடுகிறேன். நான் சொல்ல வருவது வேறு. அந்தச் சிப்பியை வாங்கியவர் தன் பணத்தை, தெரிந்தே வைத்தார். வங்கியில் சேமிப்பவர் எந்தச் சிப்பிக்கும் விலை கேட்கவில்லை.

ஊகத்தைப் பற்றிய விலக்கு ஒருபுறமிருக்க, சுவரைப் பற்றியும் ஃபிக்ஹில் நேரடியான வழிகாட்டல் உண்டு. முளாரபா ஒப்பந்தத்தில் பணம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. இதில் ‘முகையதா’ என்றொரு வகை உள்ளது. பணத்தை எந்த வியாபாரத்தில் போடலாம், எதில் போடக் கூடாது என்று பணக்காரர் நிபந்தனை விதிக்கலாம். நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரழி) அவர்கள் தம் பணத்தைக் கொடுக்கும்போது அதைக் கடல் வழியே கொண்டுபோகக் கூடாது என்று நிபந்தனை போட்டதாகவும், மீறினால் நட்டத்துக்கு உழைப்பவரே பொறுப்பு என்று சொன்னதாகவும் ஓர் அறிவிப்பு உள்ளது. 1933 இல் அமெரிக்கா எழுதிய சட்டத்தின் தர்க்கமும் ஏறத்தாழ இதுவே.

இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளிடம் நாம் கேட்க வேண்டியது

2005 இல் வங்கிச் சட்டத்தில் செய்த திருத்தம் இலாப நட்டப் பங்கு அடிப்படையிலான வங்கித் தொழிலுக்கு வழி திறந்தது. 2011 ஓகஸ்டில் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வர்த்தக வங்கியாகத் தொழிலைத் தொடங்கியது. வழமையான வங்கிகளும் தமக்குள் இஸ்லாமியப் பிரிவுகளை நடத்துகின்றன. இந்தப் பிரிவுகளைப் பற்றி நாம் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பணம் வட்டிப் பணத்தோடு கலக்கிறதா? தனிக் கணக்கு உண்டா?

இதைக் கவனியுங்கள். ஒரே வங்கிக்குள் இரண்டு பணத்தைக் கலக்காமல் வைக்க முடியும், அதைத் தணிக்கை செய்யவும் முடியும் என்பதை முஸ்லிம்கள் ஏற்கெனவே கேட்டுப் பெற்றிருக்கிறோம். சுவர் எழுப்பினால் வங்கி நடத்த முடியாது என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். வட்டிக்காகக் கேட்ட அதே சுவரை ஊகத்துக்காகவும் கேட்பதில் என்ன தடை? அதை நமக்காக மட்டும் கேட்கவும் தேவையில்லை. பள்ளிமுனையில் என் அயலவரான கத்தோலிக்க மீனவரின் சேமிப்பும் அதே வங்கியில்தான் இருக்கிறது.

வடபுல முஸ்லிம்களுக்கு இதில் கூடுதல் உணர்வு இருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் நாம் விரட்டப்பட்டு, மன்னார்த் தீவிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனபோது நான் சிறுவன். வீடும் தோணியும் நகையும் போயின. எங்கள் குடும்பத்தில் எஞ்சியது வாப்பாவின் இடுப்பிலிருந்த ஒரு சேமிப்புப் புத்தகம். அதிலிருந்த சிறு தொகையைப் புத்தளத்தில் எடுத்துத்தான் முதல் சில மாதங்கள் ஓடின. வைப்பு என்பது அப்படிப்பட்ட நாளுக்கானது. அதை வைத்து விளையாட யாருக்கும் உரிமை இல்லை.

எதைச் சட்டமாக்க வேண்டும்?

இன்று வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை உண்டு. 2023 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் அதற்குச் சட்ட அடித்தளம் கொடுத்தது. 2024 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க வங்கித் திருத்தச் சட்டம் உறவுடைய தரப்புகளோடான கொடுக்கல் வாங்கலையும் குழுமங்களின் மேற்பார்வையையும் இறுக்கியது. இவை நல்ல நகர்வுகள். ஆனால் நட்டம் வந்த பிறகு ஈடு கொடுப்பது வேறு, நட்டத்தின் வழியை அடைப்பது வேறு. என் பார்வையில் இன்னும் நான்கு விடயங்கள் வேண்டும்.

ஒன்று, காப்புறுதி பெற்ற வைப்புகளை ஏற்கும் எந்த வங்கியும் சொந்தக் கணக்கில் பங்கு ஊகத்திலும் விலை ஒப்பந்த ஊகத்திலும் ஈடுபடக் கூடாது. செய்ய விரும்பினால் தனி மூலதனத்தோடு தனிக் கம்பனியில் செய்யட்டும். இது காலத்துக்குக் காலம் மாற்றக்கூடிய சுற்றறிக்கையாக இல்லாமல் பாராளுமன்றச் சட்டமாக இருக்க வேண்டும்.

இரண்டு, அந்தத் தனிக் கம்பனி தடுமாறும்போது வைப்பு வங்கி அதற்குக் கடனோ உத்தரவாதமோ கொடுக்கக் கூடாது. இந்த ஓட்டையை விட்டால் சுவர் எழுப்பிப் பயனில்லை.

மூன்று, அரச வங்கி ஒன்று சந்தை விலையை விடக் கூடக் கொடுத்துப் பங்கு வாங்கினால், பணிப்பாளர் சபையின் காரணத்தோடு உடனே பகிரங்கப்படுத்த வேண்டும். அரசின் பிற நிறுவனங்களுக்குச் சிக்கலான விலை ஒப்பந்தங்களை விற்பதற்கும் இதே விதி வேண்டும்.

நான்கு, வங்கிக் கருமபீடத்தில் விற்கப்படும் ஒவ்வொன்றிலும் ‘இது காப்புறுதி பெற்ற வைப்பு’ அல்லது ‘இது வைப்பு அல்ல, நட்டம் வரலாம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்க வேண்டும். வங்கியின் பெயர்ப் பலகையைப் பார்த்து மட்டும் நம்பிப் பணம் போடும் நிலை மாற வேண்டும்.

சட்டம் வரும் வரை நாமும் செய்யக்கூடியது உண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஜனாஸா சங்கங்களும் தமது நிதி எங்கே இருக்கிறது, அது உரிமம் பெற்ற நிறுவனமா, காப்புறுதி வரம்புக்குள் இருக்கிறதா என்று வருடாந்தக் கூட்டத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம். இஸ்லாமியப் பிரிவில் கணக்கு வைத்திருப்பவர்கள் ‘எங்கள் நிதி எதில் முதலிடப்பட்டுள்ளது, வங்கியின் ஊக மேசைக்குப் போகிறதா’ என்று எழுத்தில் கேட்கலாம். பதில் கொடுக்காத வங்கியை அடுத்த முறை தேர்ந்தெடுக்காமல் விடலாம். நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் வட்டியில்லா வங்கி பற்றி மட்டும் பேசாமல், இந்த நான்கு கோரிக்கைகளையும் கையில் கொடுக்கலாம்.

2012 இல் மக்கள் கேள்வி கேட்டதால்தான் சேமிப்பு வங்கியின் 390 மில்லியன் ரூபா திரும்பியது. கேள்வி கேட்கும் மக்கள் இருக்கும் இடத்தில் சுவருக்குக் காவல் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்கக் கற்பதும், நமது அமானிதத்தைப் பேணுவதில் ஒரு பகுதிதான்.